பத்து மணி நேர டிக்கெட்

மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்தில், லாரிகளுக்கு இரும்புத் தாங்கிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எஸ்லின் ஒன்பது வருடமாகக் கணினிகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்ட். கழுத்தில் தொங்கும் அட்டையில் ஆள் அனுப்பும் நிறுவனத்தின் பெயர் பெரிதாகவும் அவள் பெயர் அதற்கடியில் சிறிதாகவும் இருக்கும். ஒவ்வொரு மார்ச் மாதமும் அந்த அட்டையைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்காமலும் விடலாம். அதனால் பிப்ரவரி பிறந்துவிட்டால் எஸ்லினுக்குக் கொஞ்சம் பணிவு கூடும்.

மற்ற மாதங்களில் பணிவு அவளிடம் எதிர்பார்க்கக் கூடாத சரக்கு. அப்பா அற்புதராஜ் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் பாய்லர் பார்த்தவர். அந்தச் சூடு மகளுக்கு வந்துவிட்டது என்று சொந்த ஊரான எலத்தகிரியில் உறவுக்காரர்கள் சொல்வார்கள். பி.சி.ஏ. முடித்த கையோடு ஓசூருக்கு வந்தாள். பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டேனியைக் கட்டிக்கொண்டாள். தொலைபேசியில் யாராவது “மேடம், சிஸ்டம் வேலை செய்யல” என்று தொடங்கினால் முடிக்க விடமாட்டாள். “ரீஸ்டார்ட் பண்ணீங்களா? பண்ணிட்டுக் கூப்புடுங்க” என்று வைத்துவிடுவாள். பத்தில் எட்டுக்கு அதுவே மருந்து. இதனால் உற்பத்தித் தளத்தில் அவளுக்கு ரீஸ்டார்ட் மேடம் என்று பெயர். அவள் காதில் விழாதபடி கூப்பிடுவதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காவது லைனின் கடைசியில் தரச் சோதனை மேசை. அங்கே ஒரு கிழட்டுக் கணினி. தாங்கியின் துளைகளை அளந்து, அளவை அதில் பதிந்து, சரியாக இருந்தால் ‘விடுவி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் சரக்கு லாரிக்குப் போகும். முதல் ஷிப்டில் அதைப் பார்ப்பவள் சுஜாதா. தளிப் பக்கத்துக்காரி, வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அவளும் கான்ட்ராக்ட்தான், நான்கு வருடமாக. புருஷன் முதுகொடிந்து வீட்டில் கிடக்கிறான். அடுப்பு அவள் அட்டையை நம்பித்தான் எரிகிறது.

அந்தக் கணினியில் ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழையப் பதினொரு நிமிடம் ஆகும். எஸ்லின் கடிகாரம் வைத்துப் பார்த்தாள். புதுக் கணினி கேட்டு எழுதினாள். அடுத்த வருடம் என்றார்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள். முதல் ஷிப்ட் இரண்டரைக்கு முடியும். கம்பெனி பஸ் இரண்டே முக்காலுக்குக் கிளம்பும். அந்த பஸ் யாருக்காகவும் நின்றதில்லை. விட்டால் தளிக்கு டவுன் பஸ் பிடித்து வீடு சேர இருட்டிவிடும். இரண்டாவது ஷிப்ட் மணிவேலுக்கும் இதே தலைவலி; நுழைந்து முடிப்பதற்குள் மேசையில் தாங்கிகள் குவிந்துவிடும், மேஸ்திரி கத்துவார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சுஜாதாதான் கேட்டாள். “மேடம், அவரு வரும்போது தெறந்தே இருந்தா ஆவாதா?”

ஆகாதுதான். கம்பெனி விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எஸ்லினுக்கு அந்தப் பதினொரு நிமிடத்தின் மேல் இருந்த ஆத்திரம் விதியின் மேல் இருந்த மரியாதையைவிடப் பெரிது. திரை தானாகப் பூட்டிக்கொள்வதை நிறுத்தினாள். ஒரு அறிவிப்பு அடித்தாள்: ‘ஷிப்ட் மாறும்போது லாக் ஆஃப் செய்ய வேண்டாம். கணினி திறந்தே இருக்கட்டும்.’

தரச் சான்றிதழ் வந்த நாளிலிருந்து அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். தளத்தில் துண்டுக் காகிதம் ஒட்டினாலும் அதன் அடியில் தயாரித்தவர் கையெழுத்தும் அங்கீகரித்தவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். கழிவறையில் ‘கை கழுவவும்’ என்பதற்குக்கூட இரண்டு கையெழுத்து உண்டு. கையெழுத்து இல்லாத தாளைத் தணிக்கைக்கு வருபவர்கள் கிழித்து எடுத்துக்கொண்டு போய் மேலே காட்டிவிடுவார்கள். எஸ்லின் முறைப்படி எல்லாம் செய்து, தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நான்கு மூலையிலும் டேப் வைத்து, மானிட்டரின் பக்கவாட்டில் ஒட்டினாள். அதன்பிறகு அதை அவளும் மறந்துபோனாள், மற்றவர்களும் மறந்துபோனார்கள். காலையில் சுஜாதா திறப்பாள். இரவுவரை அவள் பெயரிலேயே லைன் ஓடும்.

அந்தப் புதன்கிழமை மதியம் மூன்று இருபதுக்கு, லாரி ஏறும் இடத்தில் வாடிக்கையாளர் கம்பெனியின் ஆள் ஒரு தாங்கியை எடுத்து அளந்தார். துளை பெரிது. இன்னொன்றை அளந்தார், அதுவும் பெரிது. மறுபடி அளக்க வேண்டும் என்று சுஜாதா காலையில் நிறுத்திவைத்த நானூறு தாங்கிகள் அவை. மூன்று எட்டுக்கு யாரோ விடுவித்திருக்கிறார்கள். பதிவில் இருந்த பெயர் சுஜாதா. கேட்டில் அவள் அட்டை காட்டி வெளியேறியதோ இரண்டு நாற்பதுக்கு.

ஆலைத் தலைவர் அண்ணாதுரை எஸ்லினை அழைத்தபோது மணிவேல் அங்கே தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தான்.

“நான்தான் சார் அழுத்துனன். லாரி நிக்குதுன்னு சொன்னாங்க. மறுபடி அளந்தாச்சுன்னு நெனச்சிட்டன்.”

“அவ பேருல எப்படிய்யா அழுத்துன?”

“தெறந்துதான் சார் இருந்துச்சு.”

“தானா தெறந்திருக்குமா? பாஸ்வேர்டைக் குடுத்துட்டுப் போயிருக்கா. நீ அவளக் காப்பாத்தப் பாக்குற.” அவர் எஸ்லின் பக்கம் திரும்பினார். “அந்தப் பொண்ணு அக்கவுண்ட்ட மூடிடும்மா. கேட் கார்டையும் நிறுத்தச் சொல்லிட்டன். பாஸ்வேர்டு குடுத்தா நேரா வீட்டுக்குத்தான். இவனுக்கு என்கொயரி.”

மணிவேல் நிரந்தர ஊழியன், விசாரணை இல்லாமல் தொட முடியாது. சுஜாதாவுக்குக் காகிதம்கூட வேண்டாம், கேட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

“சார், ஒரு பத்து நிமிஷம் குடுங்க. பாஸ்வேர்டு போட்டாங்களா இல்லையான்னு அந்த மெஷினே சொல்லும்” என்றாள் எஸ்லின்.

“மெஷின் என்ன சாட்சி சொல்லுமா?”

“சொல்லும் சார்.”

அவள் நடக்கவில்லை, ஓடினாள். விஷயம் இதுதான். வெளியாள் ஒருவர் தொழிற்சாலைக்கு வந்தால் கேட்டில் அடையாளம் காட்டி ஒரு பாஸ் வாங்குகிறார். உள்ளே ஸ்டோருக்கோ கேண்டீனுக்கோ போகும்போது மறுபடி அடையாளம் கேட்பதில்லை, அந்த பாஸைக் காட்டினால் போதும். கணினியும் அப்படித்தான். காலையில் பாஸ்வேர்டு போட்டதும் சர்வர் ஒரு டிக்கெட் கொடுக்கும். பத்து மணி நேரம் செல்லும். பிறகு எந்த சர்வரிடம் போனாலும் அந்தத் தாய் டிக்கெட்டைக் காட்டி ஒரு சின்ன டிக்கெட் வாங்கிக்கொள்ளும். எல்லாம் கணினியின் நினைவில் அடுக்கி இருக்கும். யார் பெயரில், எத்தனை மணிக்கு வாங்கியது, எத்தனை மணிக்கு முடியும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் போயிற்று. லாக் ஆஃப் செய்தாலும் போயிற்று. பத்து மணி நேரம் முடிந்தால் கணினி பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளும்.

மேசைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று முப்பத்து நான்கு. மேஸ்திரி கோவிந்தன் கணினியின் பவர் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

“கோவிந்தண்ணே, கைய எடுங்க.”

“ஹேங் ஆயி நிக்குதும்மா. நீதான சொல்லுவ, எதுவானாலும் மொதல்ல ரீஸ்டார்ட் பண்ணுன்னு.”

“இன்னைக்கு வேண்டாம்ணே. தயவு பண்ணி எடுங்க.”

அவர் எடுத்தார். அவள் தயவு என்ற சொல்லைப் பயன்படுத்தியதில் அவருக்கு ஆச்சரியம். எஸ்லின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரை இரண்டு நிமிடம் அசையவே இல்லை.  பிறகு மெதுவாக உயிர் வந்தது. கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலைத் திறந்து, டிக்கெட்டுகளைப் பட்டியலிடும் கே-லிஸ்ட் என்ற ஒற்றைச் சொல்லைத் தட்டினாள்.

வரிகள் விழுந்தன. முதல் டிக்கெட்: பெயர் சுஜாதா, தொடக்கம் காலை 5.52, முடிவு மாலை 3.52. அதன் கீழே காலையில் வாங்கிய சின்ன டிக்கெட்டுகள் மூன்று. கடைசியாக, நிறுத்திவைத்த சரக்கை விடுவிக்கும் சர்வருக்கு ஒன்று: தொடக்கம் 3.08, முடிவு 3.52.

“இதுல என்னா இருக்குது?” என்று கேட்டார் கோவிந்தன்.

“மூணு எட்டுக்கு வாங்குன டிக்கெட்டு, நாப்பத்து நாலு நிமிஷத்துல முடியுது பாருங்க. புதுசா பாஸ்வேர்டு போட்டிருந்தா ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓடும். இது காலைல சுஜாதா வாங்குன டிக்கெட்டோட புள்ள. தாய் முடியுற நேரத்துலதான் புள்ளையும் முடியும். ஆறு மணிக்கு முன்னாடி அவங்க போட்டதுதான், அப்புறம் இந்த மெஷின்ல யாருமே பாஸ்வேர்டு போடல.”

“அப்போ மணிவேல் சொன்னது நெசம்.”

“நெசந்தாண்ணே.”

தளத்தில் செல்போன் கூடாது என்பதால் படம் எடுக்க வழியில்லை. அந்த வரிகளை அப்படியே ஒரு கோப்பில் சேமித்து, தர அறையிலிருக்கும் பிரிண்டருக்கு அனுப்பினாள். “நீங்க போயி எடுத்து, நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்கண்ணே. இங்க கையெழுத்து இல்லாத காயிதம் காயிதமே இல்ல.” கோவிந்தன் போனார்.

அவர் போன பிறகுதான் மானிட்டரின் பக்கவாட்டில் அந்தத் தாள் அவள் கண்ணில் பட்டது. மூன்று வருட எண்ணெய்ப் பிசுக்கு. ‘தயாரித்தவர்: எஸ்லின்’ என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. டிக்கெட் சுஜாதாவைக் காப்பாற்றும். ஆனால் அடுத்த கேள்வி, திறந்து வைக்கச் சொன்னது யார் என்பதுதான். ஜனவரி முடியப் போகிறது. ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு ஒரு போன் போனால் மார்ச்சில் அட்டை வராது. அவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. நகத்தால் நான்கு டேப்பையும் கிளப்பி, தாளை உறையோடு நான்காக மடித்து, தன் சீருடைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டாள். கோவிந்தன் திரும்பி வந்தபோது ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணாதுரை அதற்குள் வாடிக்கையாளர் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டிருந்தார்; எதுவானாலும் நாளைக் காலை ஒன்பதுக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்று வீட்டில் டேனி என்ன கேட்டாலும் வள்ளென்று விழுந்தாள். கோட்டைத் துவைக்கப் போடவில்லை. அவளுக்குத் தன் மேல் அசிங்கமாக இருந்தது. அந்த அசிங்கத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, அதுதான் கூடுதல் அசிங்கம்.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு சுஜாதாவின் அட்டைக்குக் கேட் திறக்கவில்லை. காவலுக்கு இருந்த சாந்தம்மா, மேலிடத்து உத்தரவு என்று சொல்லி அவளைப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மனசு கேட்காமல் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். ஒன்பது மணிவரை சுஜாதா அங்கேயே இருந்தாள். ஷிப்டுக்குப் போனவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒன்பதுக்கு அண்ணாதுரை வந்ததும், அவரிடம் அழைத்துப் போகுமுன் எஸ்லின் அவளை நான்காவது லைன் வழியாகக் கூட்டிப்போனாள். நடந்ததை அந்த மேசையருகே நின்று சொன்னாள். சுஜாதா கேட்டுக்கொண்டே மானிட்டரைப் பார்த்தாள். அதன் பக்கவாட்டில் அழுக்கில்லாத ஒரு சதுரமும் நான்கு டேப் தடமும் இருந்தன. 

அண்ணாதுரை பிரிண்ட்டை வாங்கி, கோவிந்தனின் கையெழுத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு வரிகளைப் பார்த்தார். எஸ்லின் விளக்கினாள். மனுஷன் முட்டாள் இல்லை, உடனே புரிந்துகொண்டார்.

“சரி, பாஸ்வேர்டு குடுக்கல. ஒத்துக்கறன்” என்றார். “ஆனா தெறந்து போட்டுட்டுப் போயிருக்காளே. அதுவும் விதியில இருக்குது. சாவியக் குடுக்கல, கதவத் தெறந்து வெச்சுட்டுப் போயிட்டான்னா, திருடனுக்கு ரெண்டும் ஒண்ணுதான? ஏம்மா, லாக் ஆஃப் பண்ணாம ஏன் போன?”

 இதை எஸ்லின் நினைத்துப் பார்க்கவில்லை. டிக்கெட் ஒரு குற்றத்தைத் துடைத்து அடுத்த குற்றத்தை எழுதிக் கொடுத்திருக்கிறது, அதுவும் நேரம் போட்டு.

சுஜாதா தரையைப் பார்த்தாள். “மறந்துட்டன் சார். என் தப்புதான்.”

“தினமும் மறந்துடுவியா?”

“பஸ்ஸு போயிடும் சார்.”

அவ்வளவுதான். தாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறந்திருக்க முடியாது; மூன்று வருடமாகத் தினமும் எட்டு மணி நேரம் அதன் எதிரில் உட்கார்ந்தவள். எஸ்லின் அவள் முகத்தைப் பார்த்தாள். தன் அடுப்பு அணைகிற நேரத்திலும் இவள் நம்மைக் காட்டிக் கொடுக்கவில்லையே என்று தோன்றியபோது, வெட்கம் காதுவரை ஏறியது.

அண்ணாதுரை போனை எடுத்தார். “செக்யூரிட்டியா? அந்தப் பொண்ணு கார்ட ஒரேயடியா—”

“சார், இருங்க.” எஸ்லின் கோட்டுப் பையில் கையை விட்டாள். மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவி விரித்தாள். “தெறந்து வெக்கச் சொன்னது நான். எழுதி ஒட்டுனதும் நான். நேத்து பிச்சு எடுத்து ஒளிச்சு வெச்சதும் நான்தான் சார். சுஜாதா நான் சொன்னதச் செஞ்சாங்க.”

அவர் போனை வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“யாரக் கேட்டும்மா இத ஒட்டுன?” அவர் குரல் உயர்ந்தது. “விதிய மாத்துற அதிகாரம் உனக்கு யாரு குடுத்தா?”

 எஸ்லின் குனிந்து தாளைப் பார்த்தாள். அவர் கட்டைவிரல் தாளின் வலது மூலையில் இருந்தது. அதனடியிலிருந்து ஒரு பச்சைக் கோடு எட்டிப் பார்த்தது. தொழிற்சாலையில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான். போனில் பேசிக்கொண்டே, நடந்துகொண்டே, யார் முதுகிலாவது ஃபைலை வைத்து ஒரு நாளைக்கு இருபது தாளில் கையெழுத்துப் போடுகிறவர். அன்றும் அப்படித்தான் போட்டார். அது இவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“சார், விரல எடுங்க” என்றாள்.

எடுத்தார். ‘அங்கீகரித்தவர்’ என்பதற்கு எதிரே மங்கிய பச்சையில் அண்ணாதுரை என்று இருந்தது. தேதியும் அவர் கையாலேயே.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.  பிறகு தாளை மடித்தார், அவள் மடித்திருந்த அதே மடிப்பில். மேசை டிராயரைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

“சாந்தம்மாகிட்டச் சொல்லி கார்டு போடச் சொல்லு. இவங்க லைனுக்குப் போகட்டும்.” கொஞ்சம் பொறுத்து, “அந்தக் கம்ப்யூட்டர மாத்தணும்னு எழுதியிருந்தியே, மறுபடி எழுதிக் குடு” என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மணிவேலுக்கு, அளக்காமல் அழுத்தியதற்காக மூன்று நாள் சஸ்பென்ஷன். அதை யாரும் தவறென்று சொல்லவில்லை. பத்தே நாளில் புதுக் கணினி வந்தது. அதில் நுழைய ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. இப்போது அறிவிப்பு என்று எதைக் கொண்டுபோனாலும் அண்ணாதுரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் பச்சைப் பேனாவைத் திறக்கிறார். ‘கை கழுவவும்’ என்பதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மார்ச்சில் எஸ்லினுக்கு அட்டை வந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று காலை இரண்டு பேரும் அலுவலகத்திலிருந்து லைனுக்கு நடந்தார்கள். பாதி வழியில் எஸ்லின் நின்றாள்.

“நீ ஏன் சொல்லல சுஜாதா? பேப்பர் இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“டேப்பு தடம் பாத்தன் மேடம். பயந்துட்டீங்கன்னு தெரிஞ்சுது. எங்களுக்கு பஸ்ஸு கெடைக்கணும்னுதான ஒட்டுனீங்க.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஒண்ணு கேக்கட்டுமா? அவரு என்னக் கேக்காமலே கார்டத் திருப்பிக் குடுத்திருந்தா, அந்தப் பேப்பர வெளிய எடுத்திருப்பீங்களா?”

எஸ்லின் பொய் சொல்லப் பார்த்தாள். வாய் வரவில்லை.

“மாட்டன்” என்றாள்.

சுஜாதா தலையாட்டினாள். கோபம் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. மேசைக்குப் போய் உட்கார்ந்து, தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுவிட்டு, பதினொரு நிமிடத்துக்குக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். எஸ்லினும் பக்கத்தில் நின்றாள். போங்கள் என்று சுஜாதா சொல்லவில்லை.